மஞ்சக்குப்பத்து வழக்கும் மக்கள் மன்றமும்

நெய்வேலி நகரியத்திற்குப் பழைமை இல்லை என்று கூறுவோர் உண்டு. அவர் கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கண்ட கரிய பொருள், பின்னர் நிலவியலாரின் ஆய்வுக்கு உட்பட்டு, 1956 நவம்பர் 14-ஆம் நாள் ஒரு நிறுவனமாகப் பதிவு பெற்று, 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேருவால் சுரங்கமாகத் தொடங்கி வைக்கப்பட்டு, 1961 ஆகஸ்டில் நிலக்கரியாக வெயிலைக் கண்டு, அடுத்த ஆண்டிலே மின்சாரமாக ஓடிற்று என்பதே அந்நகரின் சரித்திரச் சுருக்கம். சோவியத் நாட்டார் அனல்மின் நிலையத்திற்கு உதவினர். மண்ணை அகழும் ராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. இராமநாதபுரத்தாரும் திருநெல்வேலியாரும், கேரளத்தாரும் ஆந்திரரும், வட நாட்டுப் பொறியாளரும் எண்ணிட்ட வட்டங்களில் அண்டை வீட்டாராயினர். அவர்களுக்கு இடமளித்து அகன்ற கிராமத்தாருக்கோ, ஊர் என்னும் சொல் அன்றுமுதல் நினைவைக் குறிப்பதாயிற்று. ‘தேசம்’ என்ற கருத்துக்குச் செங்கல்லாலும் இரும்பாலும் உருவம் சமைக்க முயன்ற காலத்தின் குழந்தை நெய்வேலி.

ஆயினும், நகரியத்தின் எல்லையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் வடலூர் வந்துவிடுகிறது. தைப்பூசத்தன்று சோதி தரிசனத்திற்காகச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் திரள் திரளாகச் செல்லும் அந்தச் சத்திய ஞானசபையை நடுவாக வைத்து, சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் தமிழர் நடத்திய வாதம், சமய நம்பிக்கை இன்னதென்றும், தமிழர் யாரென்றும், தேசம் எதுவென்றும் மாறி மாறி வடிவெடுத்த ஒரு நெடிய விவாதமாகும். அருட்பா–மருட்பாப் போர் என்று அதனைப் புலவர் வழங்குவர். அச்சபையை நிறுவிய இராமலிங்கருடைய பாடல்களின் தகுதியைப் பற்றிய பூசலாகத் தொடங்கிய அது, எவ்வாறு நம் பொது வாழ்வின் பயிற்சிக் களமாயிற்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வாதம் புரியும் முறை முதலிற் கூறப்பட வேண்டும். சமணரும் பௌத்தரும் சைவரும் அரசவையில் வாதிட்ட பழைய மரபு தமிழகத்திற்கு உண்டெனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கண்டனப் பிரசுரம் என்னும் ஆயுதம் வேறு உலையில் வடிக்கப்பட்டது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் வேரூன்றிய அமெரிக்க மிஷனரிகள், 1823-இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1841-இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையையும் நிறுவிச் சைவத்தை அச்செழுத்தாற் சாடினர். நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுகர், வெஸ்லியன் சபையைச் சார்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் ஆசிரியராய் அமர்ந்து, விவிலியத்தின் தமிழாக்கத்திற்கும் துணை நின்று, அவர்தம் பள்ளிக்கூடம், பிரசங்கம், துண்டுப் பிரசுரம், வினாவிடை ஆகிய கருவிகளையெல்லாம் கற்றுத் தேர்ந்து, அவற்றையே அவர்கள்மீது திருப்பினார். 1848-இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று; அடுத்த ஆண்டில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தை அளித்தது; 1854-இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளிவந்தது. மேற்கோள், மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்ற ஒழுங்கு தமிழ் உரைநடையிலே நிலைபெற்றது.

இதற்கு ஒப்பான நிகழ்ச்சி அதே நூற்றாண்டில் அயர்லாந்திலும் நடந்தது. அங்கும் விவிலியச் சங்கங்கள் கத்தோலிக்கரை மதம் மாற்ற முயன்றதன் எதிரொலியாக, 1827-இல் டப்ளின் நகரில் போப் என்னும் புராடஸ்டண்டுப் போதகரும் மகுவயர் என்னும் கத்தோலிக்கக் குருவும் பொதுமக்கள் முன்னிலையிற் பல நாள் வாதிட்டனர். வாதம் நூலாக அச்சேறிப் பரவிற்று. அவ்வாதத்தில் எவர் வென்றார் என்பதை இன்று எவரும் பொருட்படுத்தார். ஆனால், கத்தோலிக்க ஏழை மக்கள் தாம் ஒரு பெருந்திரள் என்பதை இத்தகைய கூட்டங்களிலும், டேனியல் ஓ’கானெல் திரட்டிய சங்கத்திலும் உணர்ந்துகொண்டனர். 1829-இல் அவர்களுக்குப் பாராளுமன்றக் கதவு திறந்தது. சமயச் சர்ச்சை தேசியத்தின் முதற் பாடசாலையாக அமைவது அயர்லாந்துக்கு மட்டும் உரிய விந்தை அன்று என்பதைத் தென்னாற்காட்டுச் சரித்திரமும் காட்டும்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்கர், சென்னையிற் பல்லாண்டு வாழ்ந்து, பின் கருங்குழிக்கு வந்து தங்கினார். தம் பாடல்களை அச்சிட அவர் விழைந்தாரல்லர். பாடல்கள் கைக்கு வரும்வரை நாள்தோறும் ஒரு வேளையே உண்பேன் என்று இறுக்கம் இரத்தின முதலியார் விரதம் பூண்ட பின்னரே அவர் இணங்கினார் என்பதும், தம் பெயருடன் ‘சாமி’ என்ற அடை சேர்வதை அவர் விரும்பவில்லை என்பதும் அவருடைய கடிதங்களால் அறியக் கிடக்கின்றன. அவர்தம் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியாரோ, 1867-இல் முதல் நான்கு பகுதிகளையும் வெளியிட்டபொழுது, நூலுக்குத் ‘திருவருட்பா’ என்றும், பகுதிகளுக்குத் ‘திருமுறை’ என்றும், ஆசிரியருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்றும் பெயர் சூட்டி, அவர்தம் மகிமையைக் கூறும் வரலாறொன்றையும் இணைத்தார். அதே ஆண்டு மே 23-ஆம் நாள், பார்வதிபுரத்து மக்கள் உவந்தளித்த நிலத்தில் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. பசித்தவர் எவராயினும் குலமும் சமயமும் வினவாது உணவளிக்கும் அடுப்பு அன்று மூட்டப்பட்டது.

நாவலருக்கு அடுப்பின்மீது பகை இல்லை, அட்டையின்மீதே பகை. தேவாரம் முதல் பெரியபுராணம் ஈறாகத் திருமுறை பன்னிரண்டு என்பது சைவர் துணிபு. அவ்வரிசை முடிந்து போயிற்று. சமகாலத்தில் உயிரோடு உலவும் ஒருவருடைய பாடல்களுக்கு அப்பெயரை வைப்பதும், கோயில்களிலே தேவாரத்திற்குரிய இடத்தில் அவற்றை ஓதுவதும் பிரமாணம் இல்லாத செயல் என்பது அவர் வாதம். ‘போலியருட்பா மறுப்பு’ என்ற பிரசுரம் இக்கருத்தை உரத்த குரலிற் கூறிற்று. வேலாயுத முதலியார் சார்பினரும் வாளாவிருக்கவில்லை. மறுப்புக்கு மறுப்பும், வசைக்கு வசையும் செய்யுளாகவும் உரைநடையாகவும் பெருகின. கிறிஸ்தவரோடு வாதிடுகையில் எந்தப் பிரமாணக் கண்டிப்பு சைவத்தைக் காத்ததோ, அதே கண்டிப்பு இப்போது சைவத்துக்குள்ளேயே வேலியிடப் பயன்பட்டது என்பதை நோக்க வேண்டும்.

இதனிடையே மற்றொரு பகையும் கலந்தது. சிதம்பரத்திலே 1864-இல் வித்தியாசாலை நிறுவிய நாவலர், நடராசர் கோயில் தீட்சிதர்களின் ஆசாரங்களையும் கண்டித்து வந்தாராதலின், அவர்கள் அவர்மீது சினங்கொண்டிருந்தனர். 1869-ஆம் ஆண்டு ஆனி உத்தரத் திருவிழாவின்போது தில்லைப் பேரம்பலத்தில் கூடிய கூட்டத்திலே தம்மை இழித்துப் பேசினர் என்று, தீட்சிதர் சிலர்மீதும் இராமலிங்கர்மீதும் நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார். தீட்சிதர் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, இராமலிங்கர் விடுவிக்கப்பட்டார். ஒருவருடைய மானத்திற்குப் பங்கம் நேர்ந்ததா என்பதே நீதிமன்றம் விசாரித்த பொருள். பாடல்கள் அருளாற் பிறந்தனவா, மருளாற் பிறந்தனவா என்பது கூண்டில் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் ஆங்கில அரசின் தண்டச் சட்டத்தில் அதற்குப் பிரிவு ஏது?

எனினும் மக்களுடைய ஞாபகம் நீதிமன்ற ஏட்டைப் பின்பற்றவில்லை. வழக்கு நடந்த அன்று இராமலிங்கர் மன்றத்துள் அடியெடுத்து வைத்ததும், வழக்கிட்ட நாவலரே தம்மை அறியாது எழுந்து வணங்கினார் என்றும், அதனைக் கண்ட நீதிபதி, வாதியே வணங்கும் ஒருவர் குற்றவாளி ஆவது எங்ஙனம் என்று வழக்கைத் தள்ளினார் என்றும் ஒரு கதை தமிழகமெங்கும் பரவிற்று. கடல் கடந்து யாழ்ப்பாணத்திலோ, நாவலரின் நியாயம் நிலைபெற்றது என்ற கதையே வழங்கிற்று. ஒரே தீர்ப்பு, இரண்டு கரைகளில் இரண்டு வெற்றிகளாயிற்று. சைவர் என்ற ஒரே பெயருடைய இருசாராரும், தாம் யார் என்பதற்கு வேறு வேறு விடை தேடிக்கொண்டிருந்தனர் என்பதற்கு இக்கதைகளே சான்று. நூலையும் விதியையும் அரணாகக் கொண்டு மிஷனரிகளைத் தடுத்த சமூகத்திற்கு நாவலர் வேண்டியிருந்தார். சாதியாலும் பஞ்சத்தாலும் நொந்த சமூகத்திற்கு வள்ளலார் வேண்டியிருந்தார்.

இவ்விடத்தில் ஒரு முரண் நம் கவனத்திற்குரியது. வேலாயுத முதலியார் சார்பினர், இராமலிங்கர் தூய சைவர், நால்வர் வழியில் வந்தவர் என்று நிறுவவே பிரயாசைப்பட்டனர். இராமலிங்கரோ அதற்குள் நெடுந்தொலைவு சென்றுவிட்டார். 1865-இல் வேதத்தின் பெயரைத் தாங்கியிருந்த அவருடைய சங்கம், 1872-இல் அப்பெயரை நீக்கிச் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று; அவ்வாண்டு ஜனவரியிலே ஞானசபை திறக்கப்பட்டது. 1873 அக்டோபர் 22-ஆம் நாள் மேட்டுக்குப்பத்திற் கொடியேற்றி ஆற்றிய பேருபதேசத்திலே, தமக்கு முன்பு சைவ சமயத்தின்பால் இருந்த பற்று அளவிடற்கரியது என்பதையும், அதனைத் தாம் விட்டொழித்ததையும் அவரே எடுத்துரைத்தார். சாத்திரக் குப்பைகளையும் வருணாசிரமத்தையும் மறுக்கும் பாடல்கள் நிறைந்த ஆறாந் திருமுறையை வேலாயுத முதலியார் அச்சிட முன்வரவில்லை. அது 1885-இல் பிறர் முயற்சியால் வெளிவந்தது. அவ்வாறாயின், இப்பாடல்கள் சைவ வரம்புக்குள் அடங்கா என்று ஐயுற்ற நாவலர், பகைவராக இருந்தே உண்மையின் ஒரு பகுதியைக் கண்டார். அடங்கும் என்று போராடிய அன்பர்கள், அன்பினாலேயே அதனைக் காணாது விட்டனர் என்று துணியலாம். 1874 ஜனவரி 30-ஆம் நாள் இராமலிங்கர் சித்திவளாகத்தின் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டபின், அவர் சார்பிற் பேசுவதற்கு அவர் இல்லை. 1879 டிசம்பரில் நாவலரும் மறைந்தார். வாதம் மட்டும் மறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சென்னையில் மீண்டும் மூண்டது. நாவலர் மரபில் வந்த யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை, அருட்பாவை மறுத்து மேடைதோறும் முழங்கினார். எதிர்ப்பக்கத்தில் மறைமலையடிகள் நின்றார். அவரோடு நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சார்ந்த செய்குத்தம்பிப் பாவலரும் நின்றார். 1907-இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்திலே சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்ற அவர் இஸ்லாமியர். சைவர் இருவரிடையே தோன்றிய பூசலில், சைவப் பாடலுக்காக ஓர் இஸ்லாமியப் புலவர் வாதிட, அதனைக் கேட்கப் பல மதத்தாரும் கூடினர் என்றால், அக்களம் சமயக் களமாக மட்டும் இருந்திருத்தல் இயலாது. தமிழ் என்ற பொதுவுடைமை அங்கே தன் இடத்தைப் பிடித்துவிட்டது. மறைமலையடிகள் 1911-இல் பல்லாவரத்தில் தாம் அமைத்த நிலையத்திற்குச் சமரச சன்மார்க்க நிலையம் என்று வடலூரின் பெயரையே வைத்தார்.

கதிரைவேற் பிள்ளையின் மாணவராக ராயப்பேட்டையில் ஓர் இளைஞர் இருந்தார். ஆசிரியர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றமையால், 1904-இல் தம் பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாது போய், படிப்பையே இழந்தார். அவரே பிற்காலத்துத் திரு.வி.க.

அயர்லாந்து இவ்வரலாற்றில் நேரே புகும் கட்டமும் இதுவே. வேலாயுத முதலியார் 1882-இல் பிரமஞான சங்கத்தாரிடம் தம் ஆசிரியரைப் பற்றி அளித்த வாக்குமூலம், இராமலிங்கரின் பெயரை உலகறியச் செய்தது. ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிவுரைப்போர் வருவர் என்று அவர் முன்னுணர்ந்து கூறினார் என்பது அதன் சாரம். அச்சங்கத்திற்கு 1907-இல் தலைவியான அன்னி பெசன்ட் அம்மையார் ஐரிஷ் குருதியைப் பெருமையோடு பேசியவர். 1916 செப்டம்பரில் சென்னையில் அவர் நிறுவிய ஹோம் ரூல் இயக்கம், பெயரையும் மாதிரியையும் அயர்லாந்திலிருந்தே பெற்றது. அவருடைய ‘நியூ இந்தியா’ நாளிதழில் பணிபுரிந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், அவ்வாண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் நடந்த புரட்சியைப் போற்றி எழுதியதனால் வேலையை இழந்து மதனப்பள்ளிக்குச் செல்ல நேர்ந்தது. பேரரசுக்குள் சுயாட்சியா, முற்றான விடுதலையா என்று டப்ளினில் துப்பாக்கிகள் கேட்ட வினா, சென்னையின் பத்திரிகை அறையில் ஒருவருடைய உத்தியோகத்தைப் பறித்தது.

அயர்லாந்திலே அல்ஸ்டர் புராடஸ்டண்டினர், சுயாட்சி வந்தால் அது ரோமாபுரியின் ஆட்சியாகவே முடியும் என்று அஞ்சி அதனை எதிர்த்தனர். சென்னையில் 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, ஹோம் ரூல் ஒரு வகுப்பின் ஆட்சியாகவே முடியும் என்ற அச்சத்தை வெளியிட்டது. சுதந்தரம் யாருக்கு என்ற வினாவை எழுப்பாமல் சுதந்தரம் வேண்டும் என்று சொல்ல முடியாத நிலை இரு நாடுகளிலும் தோன்றிற்று. அயர்லாந்து அதற்கு விடையாக 1921-இல் இரண்டாகப் பிரிந்தது. தமிழகத்திலும் பிரிவினைக் குரல் எழுந்தது. ஆனால் அது போர்க்களம் செல்லாது, மேடையிலும் பத்திரிகையிலும் சட்டமன்றத்திலும் நின்று, 1963-இல் அரசியற் சட்டத்தின் பதினாறாம் திருத்தம் வந்த காலத்தில் தேர்தல் அரசியலிலே கரைந்தது. கண்டனமும் மறுப்பும் கேட்டுப் பழகிய செவிகள் ஆயுதத்தை நாடவில்லை என்று முற்றாகக் கூறிவிட முடியாது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், அரை நூற்றாண்டு மேடைப் பழக்கம் அக்காரணங்களுள் ஒன்று என்று கொள்வதில் பிழை இராது.

ஹோம் ரூல் கிளர்ச்சியின் சூட்டிலே, 1917 டிசம்பரில் ‘தேசபக்தன்’ ஆசிரியராகி, மறு ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்திற்கு அடிகோலியவர்களுள் ஒருவராகிய திரு.வி.க., பின்னாளிலே ‘இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்’ என்ற நூலை எழுதினார். அருட்பாவை மருட்பா என்று முழங்கிய ஆசிரியருக்காகத் தேர்வையே துறந்த மாணவர், அருட்பாவின் உள்ளத்தை விளக்க முற்பட்டார்! கதிரைவேற் பிள்ளையை எந்த மேடையிலும் எந்த எதிரியும் மாற்றியதில்லை; 1907-இல் அவர் தம் கொள்கையோடே மறைந்தார். இருபுறத்து வாதத்தையும் இளமையிற் கேட்டிருந்த மாணவர், பின்னர்த் தொழிலாளர் துயரையும் தேசத்தின் வேட்கையையும் கண்டபின், ஆசிரியர்பாற் கொண்ட பக்தி குன்றாமலே, எதிர்ப்பக்கத்து நூலைத் தமதாக்கிக்கொண்டார். இந்நெடிய வாதத்தின் வெற்றி என்று ஒன்று உண்டாயின், அது நீதிபதியின் ஏட்டிலன்று, இவ்விளைஞர் நெஞ்சிலேதான் பதிவாயிற்று.

சுயமரியாதை இயக்கத்தார் வருணாசிரமத்தைச் சாட வள்ளலாரை மேற்கோளாக்கினர். பக்தர் சோதியை வழிபட்டனர். நெய்வேலியில் உலைகள் மூண்ட காலத்திலோ அவர் தேசிய ஒருமைப்பாட்டின் சாட்சியானார். 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்திலே துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். பல மொழியினர் கூடி வாழ்ந்த நகரியத்திற்கு அச்செய்தி அயலூர்ச் செய்தி அன்று. மறு ஆண்டு, ம.பொ. சிவஞானத்தின் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. தமிழ்ப்பற்றும் பாரதப்பற்றும் பகையல்ல என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் அதற்கு வடலூரையே துணைக்கழைத்தார். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு பகுதிகளாகப் பதிப்பித்தும், ஊரன் அடிகள் 1972-இல் கால முறைப்படி அமைத்தும் தந்த பதிப்புகளால், பழைய சண்டைக்காரர் எவரும் முழுமையாகப் படித்திராத பாடல்கள் எல்லோர் கைக்கும் எட்டின.

இவையெல்லாம் நிகழ்ந்தபின், ப. சரவணன் இருதரப்புக் கண்டனங்களையும் தேடித் திரட்டி ஒரே நூலாக்கியபோது, எழுந்து வணங்கிய கதைக்குச் சான்றில்லை என்பதும் புலனாயிற்று. அதனால் வடலூருக்கு வரும் கூட்டம் குறைந்துவிடவில்லை. பக்திக்கு ஆவணம் தேவையில்லை. ஆனால் சரித்திரத்திற்குத் தேவை. தேவாரமும் அருட்பாவும் இன்று ஒரே வீட்டுப் பூசையில் ஒருங்கே ஒலிக்கின்றன. எவ்விருதிறத்தார் அதற்காக நீதிமன்றம் ஏறினரோ, அவர்தம் கொள்ளுப் பேரர்களுக்கு அப்பிணக்கின் காரணமே விளங்குவதில்லை. இதனைக் கண்டு, சமயமும் தேசமும் பற்றிய வாதங்களெல்லாம் வீண் என்று முடிவு கட்டுதல் தவறு. வாதிட்டோர் ஒருவரையொருவர் மாற்றவில்லை, வசைகளும் நிலைக்கவில்லை. ஆனால் மூலத்தைக் காட்டு, ஏட்டைக் காட்டு, எதிரி சொன்னதை அவன் சொன்னபடியே எடுத்துக் கூறி மறு என்று கேட்கும் பழக்கத்தை அவை கேட்போருக்கு ஊட்டின. அப்பழக்கம் உள்ளவரை எத்தனை கடுமையான வாதமும் சமூகத்தைப் பிளப்பதில்லை. அது ஒழிந்தால் எத்தனை இனிமையான சமரசமும் சமூகத்தைச் சேர்த்து வைப்பதில்லை. தமிழர் யார், பாரதம் எது, நம்பிக்கை எவருக்குரியது என்று இன்று வாதிடப் புகுவோர், தம் கட்சியின் பிரசுரத்தோடு எதிர்க்கட்சியின் பிரசுரத்தையும் படித்துவிட்டு வருவாராயின், மஞ்சக்குப்பத்து வழக்கால் விளைந்த நன்மை வீணாகவில்லை என்று கொள்ளலாம்.